பூட்டி வைத்த பேனை



கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் கட்டாரில் தொழில் பார்க்கிறார். தொழுகையாளி. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர். ஆனால் அண்மைக் காலமாக அவருக்கு ஒரு புதிய ஆசை பிடித்திருக்கிறதாம். ஜப்பானில் கையால் செய்யப்பட்ட அரக்குப் பூச்சு ஊற்றுப் பேனைகளை வாங்கிச் சேர்க்கிறார். இதுவரை நான்கு. விடுமுறையில் வந்தபோது பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒரு பேனையின் விலையில் தங்கச்சிக்கு ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கலாம் மௌலவி. சில்லறைக்கு விற்கிற பேனையும் எழுதத்தானே செய்கிறது? இது வீண்விரயம் இல்லையா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அது என்ன பொருள் என்று அறிந்துகொள்வதுதான் முறை. எனவே முதலில் பேனையைப் பார்ப்போம். பிறகு மகனைப் பற்றிப் பேசுவோம்.

துறைமுகத்தோடு உறவுள்ள பேனை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குப் 'பைலட்' என்ற சொல் புதிதல்ல. பெரிய கப்பல் உள்ளே வரும்போது அதில் ஏறி, ஆழமும் பாறையும் பார்த்து வழிகாட்டி அழைத்து வருபவர் பைலட். ஜப்பானின் புகழ்பெற்ற பேனை நிறுவனம் ஒன்றுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அதைத் தொடங்கிய ரியோசுகே நமிகி கப்பலில் இயந்திரப் பொறியியலாளராக இருந்தவர். பின்னர் தோக்கியோவின் வணிகக் கப்பற் கல்லூரியில் ஆசிரியரானார். படம் வரையும்போது அடிக்கடி மை தீர்ந்துபோகும் கோட்டுப் பேனையைத் திருத்தியமைக்க முயன்றதில்தான் அவருக்குப் பேனைத் தொழிலில் நாட்டம் பிறந்தது. மசாவோ வாடா என்பவரோடு சேர்ந்து 1918ல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இன்னொரு நிறுவனத்தின் பெயர் 'செய்லர்', அதாவது மாலுமி. அது 1911ல் ஹிரோஷிமாவுக்கு அருகே குரே என்ற கடற்படைத் துறைமுக நகரில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் காட்டிய ஊற்றுப் பேனையைப் பார்த்து வியந்த கியூகோரோ சகாட்டா என்பவரே அதன் நிறுவுநர்.

நம் ஊரின் முதியோருக்கு ஜப்பான் என்றாலே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நினைவுக்கு வரும். துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த நாள் அது. அதே நாட்டின் கைவினை இன்று நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவரின் மனதைக் கவர்ந்திருக்கிறது.

அரக்கு ஏன் வந்தது?

அக்காலப் பேனைகளின் உடல் எபனைட்டால் செய்யப்பட்டது. இறப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கடினமான கறுப்புப் பொருள் அது. இறப்பர் விளையும் நாட்டில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும். மையினால் அரிக்கப்படாது, கைக்கு இதமாக இருக்கும். ஒரே குறை, வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். நமிகி இதற்கு மருந்தாகத் தம் நாட்டின் பழைய அரக்குக் கலையையே எடுத்துக்கொண்டார். 1920களில் எபனைட்டின் மேல் அரக்குப் பூசினார். நிறம் நின்றது. பிறகு அந்தப் பூச்சின் மேல் பொற்பொடியால் சித்திரம் வரையத் தொடங்கினார்கள். 1930ல் இலண்டனின் டன்ஹில் நிறுவனம் அந்தப் பேனைகளை மேல்நாடுகளில் விற்க ஒப்பந்தம் செய்தது. கொன்ரோகு மட்சுதா என்ற பெரும் அரக்குக் கலைஞரின் வழிகாட்டலில் 1931ல் பேனைக் கலைஞர்களின் குழுவொன்று அமைந்தது. 1955ல் ஜப்பானிய அரசு அவரை நாட்டின் வாழும் கலைச் செல்வமாக அங்கீகரித்தது.

மரத்துப் பாலும் மாதக்கணக்கான வேலையும்

இந்த அரக்கை ஜப்பானியர் 'உருஷி' என்கிறார்கள். மாமரமும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பால் அது. கஜுக் கொட்டையைச் சுட்டு உடைத்த கைகளுக்கு அதன் ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்து போவது தெரியும். உருஷியும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் உண்டாகும். காய்ந்து இறுகிவிட்டால் எந்தத் தீங்கும் இல்லை. உணவுக் கிண்ணங்களுக்கே அதைப் பூசுகிறார்கள்.

மரம் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த பிறகே கீறுகிறார்கள். ஒரு பருவம் முழுவதும் கீறினாலும் ஒரு மரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம்தான், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அதன் பிறகு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து புதிய தளிர் வளரும்.

இதில் இன்னொரு புதுமை. நாம் எந்தப் பூச்சையும் வெயிலில் காயவைப்போம். உருஷியோ ஈரமான காற்றில்தான் இறுகும். அதற்கென ஈரப்பதம் காக்கும் மர அலுமாரிகள் வைத்திருக்கிறார்கள். மெல்லிய படலம் பூசுவது, அலுமாரியில் வைப்பது, இறுகியதும் கரியால் தேய்ப்பது, மீண்டும் பூசுவது என்று வேலை வாரக்கணக்கில், சித்திரப் பேனைக்கு மாதக்கணக்கில் நடக்கும். கடைசி மெருகு விரல் நுனியால்தான். பூசும் தூரிகையைப் பற்றிக் கேட்டால் சகோதரிகள் வியப்பீர்கள். அது நீளமான பெண்களின் தலைமுடியை மெல்லிய பலகைகளுக்கிடையே ஒட்டிச் செய்தது. நுனி தேய்ந்தால் பென்சிலைச் சீவுவதுபோல் பலகையைச் சீவி, புதிய முடியை வெளியே எடுப்பார்கள்.

சித்திர வேலைக்கு 'மக்கி-யே' என்று பெயர். தூவிய சித்திரம் என்று பொருள். ஈர அரக்கால் கோடு வரைந்து, அது இறுகுமுன் சிறு குழாயால் பொற்பொடியைத் தூவுகிறார்கள். கை ஒரு கணம் நடுங்கினால் பல நாள் வேலை பாழ்.

இத்தொழிலுக்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று நோட்டோ தீபகற்பத்திலுள்ள வாஜிமா. 2024 ஜனவரி 1ஆம் திகதி அங்கே 7.6 அளவிலான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. பழைய காலைச் சந்தை வீதி தீயில் எரிந்தது. அரக்குத் தொழிலாளர் பலர் வீட்டையும் தொழிற்கூடத்தையும் ஒருசேர இழந்தார்கள். 2004 டிசம்பரில் நம் கரையோரக் குடும்பங்கள் வள்ளத்தையும் வலையையும் இழந்து நின்றதை நாம் மறக்கவில்லை. கையிலே தொழில் இருக்கும், தொழில் செய்யப் பொருள் இருக்காது. அப்படியான நேரத்தில் அவர்களுடைய பண்டத்தை நியாயமான விலைக்கு வாங்க ஒருவர் இருப்பது பெரிய ஆறுதல்.

நமக்குப் பக்கத்திலும் இருக்கிறது

அழகிய எழுதுகோலைப் போற்றுவது நமக்கு அந்நியமான பழக்கமல்ல. எழுதுகோலின் பெயரிலேயே ஒரு சூறா இருக்கிறது. ஈரானில் காகிதக் கூழால் செய்து, பூவேலை தீட்டி, மேலே பளபளப்பான பூச்சுப் பூசிய 'கலம்தான்' என்ற பேனைப் பெட்டிகள் நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டன. இன்று உலகின் பெரிய நூதனசாலைகளில் அவை இருக்கின்றன.

அரக்கு வேலைக்கும் நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. மாத்தளைப் பக்கத்தில் ஹப்புவிட என்ற கிராமம் உண்டு. அங்கே அரக்கைச் சூட்டில் இளக்கி நூல்போல் இழுத்து, நகத்தால் அழுத்தி வெட்டிப் பெட்டிகளிலும் கைத்தடிகளிலும் கோலம் பதிக்கிறார்கள். நகத்தால் செய்வதால் சிங்களத்தில் 'நியபொத்து' வேலை என்பார்கள். அது மரத்துப் பால் அல்ல, மரக்கிளையில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908ல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெரிய நூலில் இந்த வேலையை விவரித்திருக்கிறார்.

கையால் கடைந்த பேனை வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் திருவள்ளூரில் ரங்கா பேனைகள் இன்றும் எபனைட்டில் கடையப்படுகின்றன. ஆந்திராவின் ராஜமுந்திரியில் 1932ல் தொடங்கிய ரத்தினம் பேனையைப் பெற்ற காந்தியடிகள் 1935ல் நன்றிக் கடிதம் எழுதினார். இவை அரக்குச் சித்திரம் இல்லாதவை. விலையோ ஜப்பானியப் பேனையின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆனால் இவையும் ஒரு மனிதரின் கை கடைந்தவைதான்.

வாங்குவோர் கவனத்துக்கு

அரக்குப் பேனையின் விலை சில நூறு டொலரில் தொடங்கிப் பல ஆயிரம் டொலர் வரை போகும். இந்த வித்தியாசத்தில்தான் ஏமாற்றமும் நடக்கிறது. பட்டுத்துணி அச்சில் பதித்த படத்தையும் 'மக்கி-யே' என்ற பெயரில் விற்கிறார்கள். அது குற்றமல்ல, விலை குறைவாகவும் அப்படியே சொல்லியும் விற்றால். எனவே வாங்குமுன், பூச்சு உண்மையான உருஷியா செயற்கைப் பூச்சா, படம் கையால் வரைந்ததா அச்சா என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். கையால் செய்த சித்திரப் பேனையில் பெரும்பாலும் கலைஞரின் ஒப்பம் சிறிதாக இருக்கும்.

இன்னும் இரண்டு விடயம். இவற்றில் பலவற்றுக்குப் பொன் முனை. பழைய மைகள் உருக்கை அரித்ததால் வந்த வழக்கம் அது. இன்றைய துருப்பிடியா உருக்கு நன்றாகவே தாங்கும். பொன், வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றிப் பேசும் பிக்ஹ் நூல்கள் மைக்கூட்டையும் அந்த வரிசையில் வைத்துப் பேசுகின்றன. ஆகவே பேணுதலை நாடுவோருக்கு உருக்கு முனையே நிம்மதி. அதுபோல, உயிரினங்களின் உருவம் தீட்டியவை பல இருந்தாலும், ஒரே நிறத்தில் கறுப்பும் சிவப்பும் மட்டும் பூசிய பேனைகளும் உண்டு. பார்க்கப் பார்க்க ஆழம் தெரிவது அவற்றில்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பராமரிப்பு எளிது. உருஷிக்குப் பகை கடும் வெயில். யன்னலோர மேசையில் விட்டுவைக்கக் கூடாது. முனையைச் சாதாரண தண்ணீரில் கழுவலாம், சுடுநீர் ஆகாது. படம் வரையும் கெட்டி மையை ஊற்றினால் உள்ளே உறைந்துவிடும். நம் ஊர் வெக்கையில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும் என்பதால், சட்டைப் பையில் முனை மேலே பார்க்க வைப்பது உடுப்புக்கும் நல்லது. எல்லாவற்றிலும் முக்கியம், அடிக்கடி எழுதுவது. மை ஊற்றிவிட்டு எழுதாமல் மாதக்கணக்கில் வைத்தால் மை காய்ந்து பேனை அடைத்துக்கொள்ளும்.

வீண்விரயமா?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். விலை கூடிய பொருள் என்பதால் மட்டும் ஒன்று வீண்விரயம் ஆகிவிடாது. மலிவான பொருள் என்பதால் மட்டும் ஒன்று சிக்கனமும் ஆகிவிடாது. மாதம் பத்துப் பேனை வாங்கி எறிந்தால் அதுவும் விரயமே.

சகோதரியே, உங்கள் மகனிடம் கோபத்தோடு அல்ல, அருகில் இருத்தி மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது: கடன், குடும்பச் செலவு, ஸகாத், தங்கச்சியின் தேவை ஆகிய எல்லாம் போக மிஞ்சிய பணமா இது? அந்த உரிமைகளில் ஒன்று குறைந்திருந்தாலும் பேனை காத்திருக்கட்டும். அரக்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறது. தையல் மெஷின் உண்மையில் தேவையென்றால் அது முதலில் வரட்டும். இரண்டாவது: ஐந்தாவது பேனை எதற்கு? முதல் நான்கில் காணாத ஒரு வேலைப்பாட்டை அறிவதற்கா, எண்ணிக்கைக்கா? எண்ணிக்கை ஆசைக்கு முடிவே கிடையாது. பெருமைக்காகச் சேர்ப்பவர் பேனையைப் பார்ப்பதில்லை, பார்ப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார். மூன்றாவது: இவற்றால் எழுதுகிறாயா?

இந்த மூன்றாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு மரம் தன் பாலைக் கொடுத்து விழுந்திருக்கிறது. ஒருவர் தம் கண்ணையும் கையையும் மாதக்கணக்கில் அதில் வைத்திருக்கிறார். அவர் செய்தது எழுதுவதற்கான பேனை. அலுமாரியில் பூட்டினால் அவருடைய உழைப்பில் பாதியை நாம் பெற்றுக்கொள்ளவே இல்லை. எழுத எழுத உருஷி மங்குவதில்லை. கை பட்டுப் பட்டு அதன் மெருகு கூடும் என்பதே அதைப் பாவிப்போரின் அனுபவம்.

எனவே நான் சொல்லும் யோசனை இது. மகன் அடுத்த முறை வரும்போது அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்றைத் தங்கச்சியின் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எப்படிப் பிடிப்பது, எப்படி மை ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று அண்ணன்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்னொன்றை அவர் கட்டாருக்குக் கொண்டுபோகட்டும். வாரத்துக்கு ஒரு முறை, தொலைபேசியில் கதைப்பதோடு நிற்காமல், அந்தப் பேனையால் உம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். அப்படி வரும் கடிதங்களை நீங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். அதை யாரும் வீண் என்று சொல்லமாட்டார்கள்.

மற்றொரு விடயத்தோடு அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.