பட்டாசு வேனும் 36 மணி நேரப் போட்டியும்

மே மாதம் கல்லூரி விட்டதும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். காலையில் ஊர் விலக்கில் வந்து நிற்கும் பட்டாசு ஆலை வேனில் ஏறுவார்கள். குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது என்று ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். வெயில் சுள்ளென்று அடித்தால்தான் பட்டாசு காயும். அதனால் கல்லூரி விடுமுறையும் ஆலையின் சுறுசுறுப்பான காலமும் ஒன்றாகவே வருகின்றன. விபத்துகள் மிகுவதும் இந்த வெயிலில்தான். அந்தக் கூலியில்தான் அடுத்த செமஸ்டரின் பேருந்துச் செலவும் தேர்வுக் கட்டணமும் அடங்கும்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து பொறியியல் படிக்கும் நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், இந்த விடுமுறையில் ஹேக்கத்தானுக்குத் தயாராகிறார். அவருக்கு இது முதல் போட்டி. கணினிப் பிரிவில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறார். பகலில் ஆலை, இரவில் கைபேசியில் பைத்தான் பாடம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஏடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. சொல் போகட்டும், மகிழ்ச்சி. அந்தத் தெருவுக்குள் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் வர இன்னொரு அறிவிப்பு வேண்டும் போலிருக்கிறது. அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துதான் வீடியோவைப் பதிவிறக்குகிறார்.

ஹேக்கத்தான் என்றால் என்ன என்று ஊரில் கேட்கிறார்கள். ஒரு சிக்கலைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் அதற்குக் கணினி வழியில் தீர்வு செய்து காட்டச் சொல்லும் போட்டி. இந்தச் சொல் 1999இல் புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டில் பெரியது 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். ஒன்றிய அரசின் கல்வித் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் நடத்துகின்றன. மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று விடிய விடிய 36 மணி நேரம் நடக்கும். அணிக்கு ஆறு பேர். ஆறு பேரும் ஒரே கல்லூரியில் படிப்பவர்களாக இருக்க வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதலில் கல்லூரிக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்து, கல்லூரியின் பொறுப்பாசிரியர் வழியாகத்தான் பெயர் அனுப்ப முடியும்.

இந்த விதிகளில் சாதி எங்கேயும் இல்லை. ஆனால் ஆறு பேர் சேர்வது எப்படி என்று கவனியுங்கள். யாரும் யாரையும் விலக்கி வைப்பதில்லை. ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே பேருந்தில் வருகிறவர்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் சாப்பிடுவது என்று வந்தபிறகு எங்கே கோடு விழும் என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி வகுப்பறையில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் குழு ஆராய்ந்த விஷயம். அந்தப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள்தான் கல்லூரியில் அணி சேர்கிறார்கள். கடைசியில் இடம் காலியாக இருக்கும் அணியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். வேலை என்ன? 'நீ பி.பி.டி. மட்டும் போடு.'

பெண்கள் நிலை இன்னும் மோசம். விதி கேட்கிறதே என்று ஒரு மாணவியின் பெயரை எழுதிவிட்டு, நிரல் எழுதும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது பல கல்லூரிகளில் பழக்கம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை நம்பிப் படிக்க வந்த தங்கை, இரண்டு இரவு வெளியூரில் தங்க வீட்டில் அனுமதி வாங்கி வருகிறாள். அவள் வந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் வேலை என்றால் அந்த விதியால் யாருக்கு என்ன பயன்?

கருவி இல்லாத குறையும் சின்னதல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இடையில் நின்றுபோனது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நடுவில் படித்து வந்தவர்கள் கைபேசியிலேயே காலம் தள்ளினார்கள். மடிக்கணினி இல்லாத பிள்ளைக்கு விடுதிதான் கதி. அங்கே நண்பரின் கணினி கிடைக்கும், பக்கத்தில் கல்லூரி ஆய்வகம் இருக்கும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. பெயர் எதுவானாலும் விடுமுறை விட்டால் விடுதிக்குப் பூட்டு. போட்டிக்குத் தயாராகக் கிடைக்கும் ஒரே நீண்ட காலம் விடுமுறைதான். அப்போதுதான் நம் பிள்ளை ஆய்வகத்தை விட்டுக் குழாய் உருட்டப் போகிறது.

இவ்வளவுக்கும் பிறகு நம் பிள்ளைகளிடம் இருக்கும், மற்றவர்களிடம் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அது சிக்கலைப் பற்றிய அறிவு. நாம் சொன்ன மாணவர் எடுத்துக்கொண்டிருப்பது பட்டாசு ஆலை விபத்து. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இந்தப் பெயர்களை அவர் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இறந்தவர்கள் பட்டியலில் எல்லாச் சாதி ஏழைகளும் உண்டு. ஆனால் தெருவுக்குத் தெரு கணக்கெடுத்தால் நம் தெருக்களில் எண்ணிக்கை கனக்கும்.

முதலில் அவர் யோசித்தது, மருந்து அறைக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சென்சார் வைப்பது. இது எல்லா மாணவர்களுக்கும் தோன்றுவதுதான். ஆலையில் போர்மேனாக இருக்கும் அவருடைய மாமா ஒரே வாக்கில் நிறுத்திவிட்டார்: 'மாப்ளே, கைபேசியையே உள்ளே கொண்டுபோக விடமாட்டோம். நீ பேட்டரியும் வயரும் வைக்கப் போறியா?' உண்மைதான். வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும். அதற்கென்று சான்று பெற்ற கருவிகளைத்தான் வைக்கலாம், அவற்றின் விலையும் வேறு. வெளியூர் அணி ஒன்று இதை நடுவர் முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்ளும். நம் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையில் தெரிந்துவிட்டது.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். விபத்து வெயிலால் மட்டுமா நடக்கிறது? ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பின்னும் வெளிவரும் காரணங்களைப் பாருங்கள். மருந்து நிரப்பும் அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை, அறைகளைச் சட்டவிரோதமாக உள்குத்தகைக்கு விடுவது. இவை சென்சாரில் தெரியாதவை. தெரிந்தவர்கள் தொழிலாளர்கள். சொல்ல வழியில்லாதவர்களும் அவர்களே. ஆகவே அவர் திட்டத்தை மாற்றியிருக்கிறார். நம் ஊர் ஆலைக்கு இருப்பது நாக்பூர் உரிமமா, டி.ஆர்.ஓ. உரிமமா, அது இப்போது நடப்பில் உள்ளதா, எத்தனை அறை, அறைக்கு எத்தனை பேர் என்பதைத் தொழிலாளி தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு செயலி. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கவும் அதில் இடமுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அத்தைமாருக்காகக் குரல் வழியில்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே கசிந்தால் மறுநாள் வேனில் இடமிருக்காது. கைபேசி எண்ணைச் சேமிக்காமல் புகாரைப் பதிவது எப்படி என்பதற்கு அவர் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதைத் தீர்த்துவிட்டாலே போட்டியில் பாதி வென்ற மாதிரி என்பது நம் கருத்து.

கருவி செய்தால் போதும் என்று நம்பிவிடவும் கூடாது. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்காமலிருக்கக் கேரள இளைஞர்கள் 'பேண்டிகூட்' இயந்திரத்தைச் செய்தார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஹோமோசெப்' செய்தார்கள். 2013இலேயே தடைச் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குழிக்குள் இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. இயந்திரத்தை வாங்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு மனிதர் மலிவாகக் கிடைக்கிறார்.

சிவகாசிக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் உள்ள 'மெப்கோ' ஓர் உலோகத் தூள் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். பட்டாசில் வெள்ளை ஒளி தருவது அலுமினியத் தூள். பட்டாசுத் தொழிலோடு ஒட்டிய செல்வம் கல்லூரியாகியிருக்கிறது. அந்தத் தொழிலில் கூலி வாங்கிய கைகளின் பிள்ளைகள் கல்லூரிக்குள் வரும் காலமிது.

மாணவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தை. போட்டியின் பொறுப்பாசிரியர் யார் என்பதைக் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள், அறிவிப்புப் பலகைக்காகக் காத்திருக்க வேண்டாம். முந்தைய ஆண்டுகளில் கொடுத்த சிக்கல்கள் போட்டியின் இணையதளத்தில் கிடைக்கும். அவற்றில் இரண்டை எடுத்துச் செய்து பாருங்கள். நடுவரிடம் பேச வேண்டியதை முதலில் தமிழில் முழுதாகச் சொல்லிப் பழகுங்கள், ஆங்கிலம் அதன் பின்னால் வரும். அணியில் 'பி.பி.டி. மட்டும்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிரலில் ஒரு பகுதியையாவது உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள்.

விருதுநகர், ஒன்றிய அரசு 2018இல் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. தமிழகத்தில் நம்முடன் சேர்ந்தது ராமநாதபுரம் மட்டும். அந்தப் பட்டியலில் இருப்பதால் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிறப்புக் கவனமும் நிதியும் வருகின்றன. விடுமுறையில் மாவட்டத்துக்கு ஒரு மாணவர் விடுதி, ஒரு மாணவியர் விடுதியையாவது திறந்து வைத்து, பத்துக் கணினியும் இணைய இணைப்பும் இரண்டு வேளைச் சோறும் கொடுப்பது அந்த நிதிக்குப் பெரிய செலவல்ல. இந்தக் கோரிக்கையுடன் வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்திட விரும்பும் மாணவர்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வரலாம்.