பிரஷர் கருவிக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விகள்

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சுப் படபடப்பாக, தலைபாரமாக, கேஸ் தொல்லையாக, விடிவதற்கு வெகுமுன்பே கலைந்துவிடும் தூக்கமாக வருகிறது. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவரானாலும், ஐ.டி. வளாகத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரானாலும் முதலில் போவது தெருமுனை டாக்டரிடம்தான். ஈ.சி.ஜி. எடுத்தால் சரியாக இருக்கிறது. தைராய்டும் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்; தைராய்டு குறைந்தாலும் இதே அசதி வரும். அதுவும் சரியாக இருந்தால், “உங்களுக்கு ஒண்ணுமில்ல, கவலைப்படாம இருங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். கவலைப்படாமல் இருக்க முடியாததுதானே நோய்?

தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு வருவதாகக் கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே வரவில்லை. இதற்கு ஊர்ப்பேச்சையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை மீதான பழைய பயத்தையும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால், பயத்தைத் தாண்டி வருகிறவர்களில் பலரையும் முதல் பத்து நாளிலேயே இழந்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். முதல் வாரத்தில் குமட்டலாம், சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “மாத்திரை ஒத்துக்கல” என்று யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். கூடவே எழுதித் தரப்படும் அல்பிரசோலமோ அன்றைக்கு ராத்திரியே தூங்கவைக்கும். “இதுதான் எனக்குக் கேக்குது” என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதை மட்டும் வாங்குகிறவர்கள் உண்டு. பழகிவிடும் என்று பயந்து விட்டுவிடுகிற மாத்திரை போதைபோல ஏங்கவைப்பதில்லை. பயமின்றி விழுங்கும் அல்பிரசோலம்தான் பழகி, அளவும் ஏறுகிறது. மனச்சோர்வு மாத்திரையையும் திடீரென நிறுத்தக்கூடாது, தலை சுற்றும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்த அமர்வுகளையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியதை 2017இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் செய்தது, நோயாளி கைவிட்ட சின்னச் சின்னக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைத்ததுதான். பதற்றத்துக்கும் இதேபோல் வழி உண்டு. மெட்ரோ ஏறப் பயப்படுகிறவர் முதலில் ஈக்காட்டுத்தாங்கல் பிளாட்பாரத்தில் படபடப்பு தணியும்வரை நிற்கப் பழகுகிறார். பிறகு அசோக் நகர் வரை ஒரே ஒரு ஸ்டேஷன், துணையோடு. அப்புறம் தனியாக.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடிப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகம். மனச்சோர்வு வந்தவர் சர்க்கரை மாத்திரையையும் தவறவிடக்கூடும். ஆகவே பிரஷர் பார்க்கும் அந்தத் திண்ணையிலேயே இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போனதா? ஆம் என்றால், சாகத் தோன்றுகிறதா என்றும் தயங்காமல் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்படித் தோன்றினால் 14416 ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை உண்டு.

மாத்திரை தொடங்கியவருக்குப் பத்தாம் நாள் ஒரு போன் போக வேண்டும். குமட்டல் குறைந்ததா, மாத்திரை தொடர்கிறதா என்று விசாரிக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்ய ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஒருவரை அரசு நியமிக்க வேண்டும்.