கிடாரின் தலையில் யார் பெயர்?

1986-ம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற புது ராக் குழு, தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கிடார் வாசிக்கும் ஸ்லாஷுக்குத் தன் கிடார்களின் ஒலி எதுவும் பிடிக்கவில்லை. அப்போது மேனேஜர் ஆலன் நிவென் ஒரு கிடாரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிடித்துப்போனது. மறு வருடம் 'அப்பெட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' வெளியாகி, உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது.

அந்தக் கிடாரின் தலையில் 'கிப்சன்' என்று இருந்தது. ஆனால், அதைச் செய்தது கிப்சன் கம்பெனி இல்லை! கலிபோர்னியாவில் கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர், கிப்சனின் பழைய லெஸ் பால் மாடலைப் பார்த்துச் செய்த நகல் அது.

நகல் எதற்கு என்று கேட்கிறீர்களா? 1958 முதல் 1960 வரை வந்த அந்த லெஸ் பால் கிடார்கள் எண்ணிக்கையில் குறைவு. இன்று ஒன்று வாங்க லட்சக்கணக்கான டாலர்கள் வேண்டும். அதே மரம், அதே வண்ணம், அதே வளைவுடன் செய்து தரத் தெரிந்தவர் கிடைத்தால் ஆசைப்படுவது இயற்கைதானே!

ஆசைப்பட்டுத் தனக்கென ஒன்று செய்து, வீட்டில் வைத்து வாசிப்பவரைத் தேடி யாரும் வருவதில்லை. டிரேட்மார்க் சட்டம் வியாபாரத்தைப் பற்றியது. 'இதை விற்கலாமா?' என்று யோசிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெயர், தலை, உடல்

ஒரு கிடாரில் சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்.

முதலாவது, பெயரும் லோகோவும். இதில் பேச்சுக்கே இடமில்லை. கிப்சன் செய்யாத கிடாரில் கிப்சன் பெயரை ஒட்டி விற்றால், அமெரிக்கச் சட்டத்தில் அது போலிச் சரக்கு. தெரிந்தே செய்தால் குற்ற வழக்குகூட வரலாம்.

இந்தப் பாடத்தைப் பெரிய கம்பெனிகளும் படித்திருக்கின்றன. 1950-ல் ஃபெண்டர் ஒரு கிடாருக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயர் வைத்தது. 1951-ல் கிரெட்ச் கம்பெனி, 'அது எங்கள் டிரம்ஸின் பெயர்' என்று எழுதியது. எழுத்துக்கூட்டலில் சிறு வித்தியாசம்தான். ஆனாலும் ஃபெண்டர் வாதாடவில்லை. அச்சிட்டு வைத்திருந்த லோகோவில் 'பிராட்காஸ்டர்' என்ற பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை ஒட்டி விற்றது. பிறகுதான் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. இடையில் பெயரில்லாமல் வந்தவற்றை இன்று 'நோகாஸ்டர்' என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள்.

இரண்டாவது, தலையின் வடிவம். கழுத்தின் முனையில், கம்பிகளை முறுக்கும் ஆணிகள் இருக்கும் பகுதி இது. திறந்த புத்தகம் போன்ற கிப்சன் தலையைப் பார்த்தாலே ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும். ஃபெண்டர் தலையும் அப்படியே. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனம், ஐபனேஸ் கிடார்களை விற்றவர்கள் மீது போட்ட வழக்கு, இந்தத் தலை வடிவத்துக்காகத்தான். அது சமாதானத்தில் முடிந்தது. ஆனால், அந்தக் கால ஜப்பானிய நகல்களுக்கு 'வழக்கு கிடார்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

மூன்றாவது, உடலின் வடிவம். இங்கே நீதிமன்றங்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் உடல் வடிவங்களைத் தன் டிரேட்மார்க்காகப் பதிய ஃபெண்டர் கேட்டபோது, 2009-ல் அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் மறுத்துவிட்டது. பல கம்பெனிகள் பல காலமாகச் செய்து, அது பொது வடிவமாகிவிட்டது என்பது காரணம்.

லெஸ் பால் உடல் வடிவத்துக்கோ கிப்சனிடம் பதிவு இருக்கிறது. அதை வைத்து பால் ரீட் ஸ்மித் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. 2004-ல் உற்பத்திக்கே தடை வாங்கியது. 2005-ல் மேல்முறையீட்டில் தோற்றது. கடையில் வாங்குபவர் குழம்ப மாட்டார் என்பதை கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது. புகை மண்டிய பாரில், தூரத்திலிருந்து பார்ப்பவர் குழம்பலாமே என்ற வாதமும் எடுபடவில்லை.

அதற்காக உடல் வடிவம் எல்லாம் பொதுச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். டீன் கிடார்களைத் தயாரிக்கும் ஆர்மடில்லோ நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், 2022-ல் டெக்சாஸ் ஜூரி கிப்சன் பக்கம் நின்றது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. பெரிய கம்பெனிகள் இப்படி வருடக்கணக்கில் போராடும். தனி ஆளாகப் பட்டறை வைத்திருப்பவருக்கு வக்கீலின் முதல் நோட்டீஸே போதும், வீட்டுக் கடன் நினைவுக்கு வர.

'நகல்னு சொல்லித்தானே விற்கிறேன்?'

நகல் செய்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமாகத்தான் தோன்றும். வாங்குபவரிடம் மறைக்கவில்லை, விலையும் நகலுக்கான விலைதான்.

ஆனால், நல்ல கிடார் ஒருவரிடமே இருந்துவிடாது. பத்து வருடம் கழித்து அவர் அதை விற்பார். அவரிடம் வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். மூன்றாவது கைக்குப் போகும்போது, 'இது நகல்' என்ற வார்த்தை கூடவே போகுமா? தலையில் இருக்கும் லோகோ மட்டும்தான் போகும். சேமிப்பையெல்லாம் போட்டு அசல் என்று நம்பி வாங்கும் ஓர் இளைஞர்தான் கடைசியில் ஏமாறுவார். விற்பனைக்குப் பிறகு வரும் இந்தக் குழப்பத்தையும் அமெரிக்க நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கணக்கில் எடுத்திருக்கின்றன.

நேர்வழியும் இருக்கிறது. வார்மோத் போன்ற நிறுவனங்கள், ஃபெண்டரிடம் உரிமம் பெற்று அதே தலை வடிவத்தில் கழுத்துகளை விற்கின்றன. ஆனால், லோகோ இருக்காது. அந்த உரிமம் பெயரை ஒட்டும் அனுமதியும் ஆகாது. சொந்தமாகச் செய்து விற்பவர் தலைக்கு வேறு வடிவம் கொடுத்து, தன் பெயரைப் பொறித்து, உள்ளே தேதியும் வரிசை எண்ணும் எழுதிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உடல் வடிவத்தைப் பற்றி மட்டும், விற்பதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய கிடார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தலையில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். வரிசை எண், ரசீது, உள்ளே இருக்கும் வயரிங் எல்லாவற்றையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரிஸ் டெரிக் கதைக்கு வருவோம். ஆல்பம் வெளியான அதே 1987-ல் அவர் இறந்துபோனார். 2010-ல் கிப்சன் கம்பெனியே ஸ்லாஷின் அந்தக் கிடாரை முன்மாதிரியாக வைத்து ஒரு மாடலை வெளியிட்டது. நகலைப் பார்த்து அசல் கம்பெனியே செய்யும் அளவுக்கு நேர்த்தியான வேலை!

அந்தப் பாடல்களைக் கேட்ட கோடிப் பேரில், அதைச் செய்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தலையில் அவர் பெயரை எழுத இடம் இருந்தது. அங்கே வேறொருவர் பெயரை எழுதிவிட்டார்.