‘ஃப்ரீ ரேஞ்ச்’ முட்டை: கதவு திறந்திருந்தால் போதுமா, மரமும் வேண்டுமா?

மளிகை ஆப்பில் ‘முட்டை’ என்று தேடிப் பாருங்கள். சாதாரண வெள்ளை முட்டைக்கு ஒரு விலை. அதற்குக் கீழேயே, பச்சைப் புல்வெளியில் கோழி நிற்கும் படத்தோடு ‘ஃப்ரீ ரேஞ்ச்’ பெட்டி. விலை கணிசமாக அதிகம். சரி, அந்தக் கூடுதல் காசுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது? கோழிக்கு என்ன கிடைக்கிறது?

இதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருப்பவை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும். ஆனால், பறவைக்காய்ச்சல் வந்த பிறகு அவையே அந்தப் பதிலைத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்றால் சட்டப்படி என்ன?

ஐரோப்பாவில் விற்கும் முட்டையின் ஓட்டிலேயே ஒரு எண் அச்சாகியிருக்கும். 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை. 1 என்றால் ஃப்ரீ ரேஞ்ச். 2 என்றால் கொட்டகைக்குள் கூண்டில்லாமல் வளர்ந்த கோழி. 3 என்றால் கூண்டுக் கோழி. பிரிட்டனிலும் இதே முறைதான்.

1 என்ற எண் வாங்க, பகலில் கோழி வெளியே போய்வர வழி இருக்க வேண்டும். ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர், அதாவது சுமார் 43 சதுர அடி மேய்ச்சல் நிலம் வேண்டும். நம்ம கணக்கில் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 கோழிகள். கொட்டகைக்குள் மட்டும், 2-ம் எண் கோழிக்கு உள்ள அதே நெருக்கம்தான்: ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிகள்வரை.

கவனியுங்கள்: கோழி வெளியே போக *வாய்ப்பு* இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது வெளியே *போகிறதா* என்று கேட்பதில்லை.

கதவு திறந்திருந்தும் ஏன் போவதில்லை?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரியன் டாக்கின்ஸ் குழு, இறைச்சிக்காக ஃப்ரீ ரேஞ்ச் முறையில் வளர்க்கப்படும் கோழிகளைக் கவனித்து 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பகலில் எந்த நேரத்தில் பார்த்தாலும், வெளியே இருந்தவை மொத்தத்தில் 15 சதவீதத்துக்கும் குறைவு. கோடையில், மரங்கள் அதிகமுள்ள நிலங்களில் கூடுதல் கோழிகள் வெளியே வந்தன.

இதில் அதிசயம் இல்லை. கோழியின் மூதாதை, தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு: பண்ணைக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். புதருக்குள் சருகைக் கிளறி இரை தேடிய பறவைக்கு, தலைக்கு மேல் மறைப்பே இல்லாத புல்வெளி பயமுறுத்தும் இடம். கிராமத்தில் மத்தியான வெயிலில் கோழியைத் தேடினால் எங்கே இருக்கும்? வேலியோரத்தில், மரத்தடியில். நடுக்களத்தில் இருக்காது.

இதைப் புரிந்துகொண்டுதான் பிரிட்டனில் ‘உட்லேண்ட்’ முட்டைகள் கடைக்கு வந்தன. மேய்ச்சல் நிலத்தில் குறைந்தது 20 சதவீதத்தில் மரம் இருக்க வேண்டும் என்பது அந்த முட்டைக்கான நிபந்தனை. கொட்டகை வாசலுக்குப் பக்கத்திலிருந்தே மரவரிசை தொடங்கினால், கோழி நிழலைப் பிடித்துக்கொண்டே தூரம்வரை போகும். எச்சமும் வாசலிலேயே குவியாமல் பரவும்.

பறவைக்காய்ச்சல் வந்ததும் என்ன ஆனது?

2021 நவம்பர் 29 முதல் எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைத்து வைக்க பிரிட்டனில் உத்தரவு வந்தது. அடைத்த கோழியின் முட்டையை ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்று விற்க அப்போது 16 வாரம்தான் அவகாசம். அது முடிந்ததும், 2022 மார்ச் 21 முதல் அந்த முட்டைகளை ‘கொட்டகை முட்டை’ என்று அடையாளமிட்டுத்தான் விற்க முடிந்தது.

இதற்குப் பிறகு விதியே மாறியது. அடைப்பு உத்தரவு எவ்வளவு காலம் நீடித்தாலும் ‘ஃப்ரீ ரேஞ்ச்’ பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்தியது. 2024-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதே மாற்றத்தை அறிவித்தன.

விவசாயி பக்கம் நியாயம் இருக்கிறது. நிலமும் வேலியும் அவர் செலவு. உத்தரவு போட்டது அரசு. பெயரை இழந்தால் நஷ்டம் அவருக்கு. ஆனால் வாங்குபவர் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது: மாதக்கணக்கில் வெளியே வராத கோழியின் முட்டைக்கு ‘வெளியே மேய்ந்த கோழி’ விலையைக் கொடுப்பது சரியா?

மரம் இங்கே உதவுமா?

ஓரளவுக்கு. பறவைக்காய்ச்சலை முக்கியமாகப் பரப்புபவை காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகள். அவை திறந்த வெளியில் இறங்கவே விரும்பும். மரமும் புதரும் உள்ள கோழி மேய்ச்சல் நிலங்களில் இத்தகைய பறவைகள் குறைவாகவே காணப்படுகின்றன என்று 2018-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது.

ஆனால் மரம் தடுப்பூசி அல்ல. அடைப்பு உத்தரவு வந்தால் மரத்தடிக் கோழியும் உள்ளேதான் போக வேண்டும். நரிக்கும் கீரிக்கும் ஒளிய அதே புதர் வசதிதான். அதனால் இரவு அடைக்க உறுதியான கொட்டகை, நல்ல வேலி இரண்டும் கட்டாயம். மரம் சின்னதாக இருக்கும்போது கோழி வேரைக் கிளறிவிடும் என்பதால் கன்றுக்கும் தடுப்பு வேண்டும். குடற்புழு பெருகாமல் இருக்க, மேயும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்ம ஊரில் எப்படி?

ஐரோப்பாவைப் போல முட்டை ஓட்டில் கட்டாய எண் இந்தியாவில் இல்லை. கூண்டில்லாப் பண்ணைகளுக்குச் சான்று கொடுத்து, அவற்றின் முட்டையைத் தனியாக அடையாளம் காட்டும் யோசனையை 2017-லேயே இந்திய சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையில் முன்வைத்தது. இன்றும் பெட்டியில் இருக்கும் படத்தையும் விற்பவர் வார்த்தையையும்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பிரிட்டன் விவசாயி கன்று நட்டு வருடக்கணக்கில் காத்திருந்து பெறும் நிழல் இங்கே தயாராக இருக்கிறது. தோப்பில் கோழி விடுகிறவர்கள் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை மட்டும் தவறவிடக் கூடாது. திறந்த வெளியில் சுற்றும் கோழிக்கும் அந்த நோய் மொத்தமாகக் கொல்லும் நோய்தான்.

அடுத்த முறை கூடுதல் விலை கொடுத்து வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஏக்கருக்கு எத்தனை கோழி? பகலில் எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறீர்கள்? வெளியே நிழல் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்றால், கதவு திறந்தே இருந்தாலும் கோழிகளில் பெரும்பாலானவை உள்ளேயேதான் இருந்திருக்கும்.