நிலா ஆராய்ச்சி நம் ஊர்ச் சங்கதிதான்

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியபோது கொங்கு நாடும் சேர்ந்துதான் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் பழைய பேச்சு திரும்பிவிட்டது. "அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரமுங்க. நமக்கும் நெலாவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கேட்பதற்கு அடக்கமாகத் தோன்றும் இந்தப் பேச்சுக்குள் ஐந்து வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து உரசிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது.

"நம்ம மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை."

இந்த வாதத்துக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும் பதில் சொல்கின்றன. நிலவில் இறங்கும் கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் முன்கூட்டியே சோதிக்க, நிலவின் மண்ணை ஒத்த மண் இஸ்ரோவுக்கு டன் கணக்கில் தேவைப்பட்டது. நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனவை. அந்த இனத்துப் பாறை சித்தம்பூண்டி வட்டாரத்தில் சுமார் 250 கோடி ஆண்டுகளாகக் கிடக்கிறது. நிலவியலாளர் ஏ.பி. சுப்பிரமணியம் 1956-லேயே அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவிலிருந்து செயற்கை நிலவு மண்ணை வரவழைத்தால் கிலோவுக்கு 150 டாலர் வரை ஆகும் என்ற நிலையில், இஸ்ரோ இந்தப் பக்கம் திரும்பியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை பாறையை அடையாளம் காட்டியது. கல்லை வெட்டி, சேலத்தில் அரைத்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2012 முதல் பல்கலைக்கழகம் கொடுத்த மண் மட்டும் சுமார் 50 டன். அனார்த்தோசைட்டிலிருந்து நிலவு மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் பெற்றது. நிலவை மிதிக்கும் முன்னால் சந்திரயானின் ஊர்தி பழகியது நாமக்கல் கல்லின் பொடியில்தான்.

கதை அதோடு முடியவில்லை. நிலவில் இறங்கிய பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தூரம் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. அங்கும் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டே மிகுதி. இளம் நிலவு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனமான கனிமங்கள் அடியில் தங்க, எடை குறைந்தவை மிதந்து மேலோடாக இறுகின என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. சித்தம்பூண்டிப் பாறை பிறந்த விதம் வேறு. ஆனாலும் நிலவில் இறங்கி நகர்வதற்கு ஒத்திகைக் களம் கொடுத்தது அந்தப் பாறைதான்.

"ஆங்கில வழியில் படித்த பட்டணத்துப் பிள்ளைகளின் வேலை அது."

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மகனாக 1958-ல் பிறந்தவர். படித்தது தமிழ் வழியில், அரசுப் பள்ளிகளில். பிறகு பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. 1982-ல் இஸ்ரோவில் சேரும்வரை அவருடைய படிப்பு முழுவதும் கோவை வட்டாரத்துக்குள்ளேயே நடந்தது.

அவர் விதிவிலக்கும் இல்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன், டிப்ளமோவில் தொடங்கியவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணன், குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் தமிழ் வழியில் படித்தவர்.

"அமெரிக்காக்காரன் போய்வந்துவிட்டான், நாம் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?"

அப்பல்லோ வீரர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றை ஆராய்ந்தவர்கள் நிலவு வறண்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-1 அந்த நம்பிக்கையை மாற்றியது. அதில் பொருத்தியிருந்த நாசாவின் கருவி, நிலவின் பரப்பில் நீர், ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டதாக 2009 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. கருவி அவர்களுடையது, சுமந்து சென்ற கலம் நம்முடையது. கோள் ஆராய்ச்சியில் வேலை இப்படித்தான் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

அதற்கு முன்பும் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வுக்கூடம் அதைப் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை முதலில் அறிவித்தவர்கள் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவினர். விண்மீனின் ஒளி எதிர்பாராத கணத்தில் மங்கியது காவலூரின் பதிவிலும் இருந்தது.

"அந்தக் காசில் ஊருக்கு நல்லது செய்யலாம்."

குடிநீர் வராத தெருவில் நின்று இதைக் கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் அவருடைய குழாயை அடைத்துக்கொண்டிருப்பது நிலவுக் கலம் இல்லை. சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய், அதுவும் பல ஆண்டுகளில் பரவியது. செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானுக்கு 450 கோடி. கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 1,791 கோடி. மேம்பாலம் கோவைக்குத் தேவையான ஒன்றுதான். அதன் செலவில் ஏறக்குறைய மூன்று சந்திரயான்-3 அனுப்பலாம் என்பதும் கணக்குதான்.

2023-24 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,544 கோடி. மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்கு 28 காசு. வானிலை, தகவல் தொடர்பு, வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் எல்லாம் இந்த 28 காசுக்குள் அடக்கம். செலவழித்தது நிலவோடு போய்விடுவதும் இல்லை. சந்திரயான்-1-க்காகப் பெங்களூரு அருகே பியாலாலுவில் நிறுவிய 32 மீட்டர் ஆன்டெனாதான் பின்னால் மங்கள்யானோடும் பேசியது.

"இருக்கட்டும், அன்றாட வாழ்க்கைக்கு அதனால் என்ன?"

இதற்குப் பதில் காண மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற வேண்டும். ஊட்டியை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவோடு சாய்ந்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சரிவின் கோணம் சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கலாம்.

இந்தத் தொலைநோக்கி செய்யும் வேலைகளில் ஒன்று, கோள்களுக்கு இடையே வீசும் சூரியக் காற்றை அளப்பது. தொலைதூர ரேடியோ மூலங்களின் அலைகள் அந்தக் காற்றைக் கடக்கும்போது மினுக்குகின்றன. மினுக்கலை வைத்துக் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் கணிக்கிறார்கள். சூரியப் புயல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றும் சொல்ல முடிகிறது.

அது ஏன் தெரிய வேண்டும்? 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்கட்டமைப்பைக் கவிழ்த்தது. சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் இன்னொரு புயல், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38-ஐ வீழ்த்தியது. நூற்பாலையும் விசைத்தறியும் தோட்டத்து மோட்டாரும் மின்சாரத்தை நம்பி ஓடும் கொங்கு மண்டலத்துக்கு இது அந்நியமான செய்தியாக இருக்க முடியாது. ஊட்டியிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயலால் பூமியின் காந்தக் கவசம் சுமார் இரண்டு மணி நேரம் பலவீனமடைந்ததைப் பதிவு செய்தது.

ஆக, கல் நாமக்கல்லில், ஆள் கோதவாடியில், கருவி முத்தோரையில். 'சம்பந்தமில்லை' என்பது தகவல் தெரியாததால் வரும் பேச்சு. அதைத் திருத்தும் பொறுப்பு பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் இருக்கிறது. சித்தம்பூண்டியையும் முத்தோரையையும் கொங்குப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இயற்பியலோ நிலவியலோ படிக்கிறேன் என்று கேட்டால், அதில் என்ன வேலை கிடைக்கும் என்று மடக்காமல் சேர்த்துவிடுங்கள்.