கூகிளை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்கள்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் இளம் ஊடகவியலாளர் ஒருவர் அண்மையில் ஹெந்தளையிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். தமது பழைய கைத்தொலைபேசியிலிருந்து கூகிளை முற்றாக நீக்கி, லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை நிறுவியிருப்பதாகப் பெருமையுடன் சொன்னார். "ஐயா, இனி என்னை எவராலும் வேவு பார்க்க இயலாது" என்றார். "பூட்லோடரைத் திரும்பப் பூட்டினீரா, தம்பி?" என்று கேட்டேன். இல்லையென்றார். எனக்குச் சினம் வந்தது. இப்பதிவு அதன் விளைவு.

அந்தரங்கம் வேறு, பாதுகாப்பு வேறு. நமது நடமாட்டத்தையும் தேடல்களையும் விளம்பர நிறுவனங்கள் திரட்டாதிருப்பது அந்தரங்கம். கருவி பிறர் கையில் சிக்கினாலும் உள்ளிருப்பது வெளிவராதிருப்பது பாதுகாப்பு. முன்னதைத் தேடிப் பின்னதை இழப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர்.

சயனோஜென்மொட் 2016 இறுதியில் முடிவுற்றபோது அதன் வாரிசாக வந்தது லினியேஜ். உற்பத்தியாளர் கைவிட்ட கருவிகளுக்கு அது உயிரூட்டுகிறது, அத்தொண்டை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான கருவிகளில், பூட்லோடர் எனும் தொடக்கப் பூட்டைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கருவியைக் கைப்பற்றியவர் இயங்குதளத்தையே மாற்றிவிட்டுத் திருப்பித் தந்தாலும் உரியவர் அறியமாட்டார். சில்லுக்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டால், தன்னார்வலர்களால் அவற்றை ஈடுசெய்யவும் இயலாது.

இது வீண் அச்சமன்று. செர்பியப் பொலிஸார் ஊடகவியலாளர் ஒருவரின் தொலைபேசியை செலிபிரைட் கருவியால் திறந்ததையும், அதில் உளவு மென்பொருள் புகுத்தப்பட்டதையும் 2024 டிசெம்பரில் சர்வதேச மன்னிப்புச் சபை அம்பலப்படுத்தியது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்ட நாட்டவரான நமக்கு, கைப்பற்றல் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

சுதேசிப் பெயரும் காப்பாற்றாது. ஐஐடி மெட்ராஸில் வளர்க்கப்பட்ட நிறுவனமொன்றின் 'பாரோஸ்' இயங்குதளத்தை 2023 ஜனவரியில் இந்திய அமைச்சர்கள் மேடையேறி மெச்சினர். அதன் அடித்தளமும் அன்ட்ரொயிட்டின் திறந்த மூலநிரலே. திருத்தங்கள் எவ்வளவு விரைவில் வருகின்றன, வெளியார் அதைச் சோதிக்க முடியுமா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். கைதட்டலுக்கிடையே அவற்றைக் கேட்டவர் சிலரே.

ஒப்பிட்டால் கிராபீன் ஓஎஸ் மேலானது. நிறுவியபின் தொடக்கப் பூட்டை மீண்டும் பூட்டலாம். 18 மணி நேரம் திறக்கப்படாதிருந்தால் கருவி தானே மறுதொடக்கமாகி, மறைகுறியாக்கச் சாவிகளை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். மிரட்டித் திறக்கச் சொன்னால் அனைத்தையும் அழிக்கும் தனிக் கடவெண்ணும் உண்டு. கூகிளிடமிருந்து விடுபட உதவும் இத்தளம், கூகிளின் பிக்சல் கருவிகளையே நம்பி வளர்ந்தது என்பதுதான் வேடிக்கை. பிக்சல் வாங்க வசதியற்றோருக்கு, திருத்தங்கள் ஒழுங்காக வரும் சாதாரண அன்ட்ரொயிட் கருவியே அரைகுறை மாற்றுத்தளத்தை விட மேல். ஐபோன் வைத்திருப்போர் 2022 இல் அறிமுகமான லொக்டவுன் முறையை இயக்கலாம்.

எந்த இயங்குதளமும் அழிக்க முடியாத ஒன்றும் உண்டு: கோபுரப் பதிவு. 2009 ஜனவரி 8 இல் கொல்லப்பட்ட லசந்த விக்ரமதுங்கவைப் பின்தொடர்ந்தவர்களின் எண்களைப் புலனாய்வாளர் அடையாளங்கண்டது அத்தகைய பதிவுகளிலிருந்துதான். கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் அதே பதிவு, நமக்குத் தகவல் தருபவரையும் காட்டிக்கொடுக்கும்.

கூகிள் நம் தரவை விற்றுப் பிழைக்கிறது என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நம்மை நம்பிப் பேசியவரின் பெயர் நமது தொலைபேசியில் இருக்கிறது. தம்பி, பூட்ட முடியாத கருவியில் அப்பெயரை வைத்திருக்கும் உரிமை உமக்கில்லை.