மூலிகை தின்ற கோழிக்கு ஊசி வேண்டாமா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் ஒரு பேச்சும் சேர்ந்தே வரும். மலையின் மூலிகைகளில் புரண்டு வரும் தண்ணீர், தலையை நனைத்தாலே நோய் போகும் என்பார்கள். அந்தப் பேச்சு இப்போது அருவியிலிருந்து கோழிக்கூட்டுக்கு இறங்கிவிட்டது. முருங்கை இலைப் பொடி, மஞ்சள், நெல்லி கலந்த தீவனம் தின்ற கோழிக்கு நோயே வராதாம். தடுப்பூசி வேண்டாமாம். கறியும் முட்டையும் தின்பவருக்கும் மருந்தாம். எல்லாவற்றுக்கும் காரணமாக ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற ஒரே சொல்லைக் காட்டுகிறார்கள்.

அந்தச் சொல் பொய்யல்ல. நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதைப் போல, உயிருள்ள உடலின் கொழுப்பும் ஆக்சிஜனால் அரிபடும். இலை, காய், கிழங்குகளில் உள்ள சில பொருள்கள் அந்த அரிப்பைத் தாமதப்படுத்தும். அவற்றின் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் ஏற்றிவைத்த சுமை. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்போம்.

1. ‘மூலிகை கொடுத்தால் தடுப்பூசி தேவையில்லை.’

வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். 1927இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரு கோழி நிற்கும். இரண்டொரு நாளில் கூடே காலியாகும். அந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்க்க உடலுக்கு முன்பயிற்சி வேண்டும். அதைத் தருவது தடுப்பூசி. முருங்கை தராது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. இது பழகிய முறை. புறக்கடைக் கோழிகளுக்காகக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. அதை விட்டுவிட்டு இலையை நம்புவது, குடை கையிலிருக்க மழையில் நனைவதுதான்.

2. ‘இயற்கையானது, எவ்வளவு கொடுத்தாலும் கெடுதல் இல்லை.’

ஆடு விரும்பித் தின்னும் சூபாபுல் இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. கோழித் தீவனத்தில் அது கூடினால் வளர்ச்சி நின்றுவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிபால், முட்டையின் மஞ்சக்கருவைப் பாசி நிறமாக்கும். இரண்டும் முழுக்க முழுக்க இயற்கைதான். முருங்கை இலையிலும் நாரும் டானினும் உண்டு. கோழிக்கு ஆட்டைப் போல நாரைச் செரிக்கும் வயிறு இல்லை. தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சேர்ப்பதைக் கோழிகள் பொதுவாகத் தாங்கிக்கொள்கின்றன. பத்தைத் தாண்டும்போது தின்பது வீணாகி எடை குறையத் தொடங்குகிறது. இலையை வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்து, எதற்காகச் சேர்க்கிறோமோ அந்தச் சத்தும் பெருமளவு போய்விடும். நிழலில் உலர்த்திய இலை பச்சையாகவே நொறுங்கும்.

3. ‘தீவனம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் மஞ்சள் சரிசெய்துவிடும்.’

தென்காசிப் பக்கத்துக்கு இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. கிழக்கே சங்கரன்கோவில் வட்டார மானாவாரிக் காடுகளில் தை, மாசியில் அறுத்த மக்காச்சோளம் மூட்டையில் இருக்கும்போதே ஆனி, ஆடி வந்துவிடுகிறது. மலைக் கணவாய் வழியே வரும் காற்று பகலெல்லாம் ஈரத்தைத் தெளிக்கிறது. மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு மணியை எடுத்துக் கடித்தால் டக்கென்று உடையாமல் நசுங்கும். அந்த மூட்டையில் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அது கக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும், தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்ப்பையும் குறைக்கும். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் அளவில் மஞ்சள் சேர்த்த சோதனைகளில் ஈரல் சேதம் ஓரளவு குறைந்தது உண்மை. ஓரளவு என்ற சொல்லைத்தான் விற்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். மஞ்சள் நஞ்சை மூட்டையிலிருந்து வெளியேற்றாது. தரைக்கு மேலே பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்கி, நன்றாகக் காய்ந்த சோளத்தை மட்டும் அரைப்பதுதான் வழி. பூத்த சோளத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும்.

4. ‘மஞ்சக்கரு சிவந்திருந்தால் சத்து கூடுதல்.’

அந்த நிறம் பெரும்பாலும் சாந்தோஃபில் என்ற நிறமியிலிருந்து வருகிறது. மக்காச்சோளத்திலும் பச்சிலையிலும் அது உண்டு, நம் ஊர்க் கேந்திப்பூவில் நிறையவே உண்டு. பூவின் சாற்றைத் தீவனத்தில் கலந்தால், கூண்டை விட்டே இறங்காத கோழியும் சிவந்த கருவோடு முட்டையிடும். அதிலுள்ள லூட்டின் கண்ணுக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை. ஆனால் புரதத்தின் அளவையோ, கோழி வளர்ந்த விதத்தையோ நிறம் சொல்லாது.

5. ‘மூலிகை தின்ற கோழியின் கறி நமக்கு மருந்து.’

மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் இ கறியில் தங்கும். அது குளிர்பெட்டியில் கிடக்கும் இறைச்சி காறிப்போவதைத் தள்ளிப்போடும். பல நாள் வைத்து விற்பவருக்கு அது லாபம். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் நாட்டுக்கோழிக்கும், வீட்டில் காலையில் அறுத்து மதியம் குழம்பு வைக்கும் கோழிக்கும் அதனால் பெரிய பயன் ஏது? குழம்பில் நாமே போடும் மஞ்சளும் மிளகும் பூண்டும், கோழி தின்று கழித்தவற்றைவிட நமக்கு நேராக வந்து சேர்கின்றன.

அப்படியானால் இலைக்கு மரியாதையே இல்லையா? உண்டு, அக்னி நட்சத்திரத்தில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சிரைத்தே சூட்டை இறக்க வேண்டும். அப்போது உடலுக்குள் ஆக்சிஜனின் அந்த அரிப்பு கூடும். கோழி தன் சிறுநீரகத்தில் தானே தயாரித்துக்கொள்ளும் வைட்டமின் சி-யும் போதாமல் போகலாம். நெல்லியும் முருங்கையும் கைகொடுக்கும் இடம் அதுதான். அங்கும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் முதலில், இலை பிறகு. வேலியோரம் நிற்கும் முருங்கையே இதற்குப் போதும், பளபளக்கும் பொட்டலம் வாங்க வேண்டியதில்லை.

கோழிக்கு ஆன்டிபயாடிக்கை வாரிக் கொடுக்கும் பழக்கத்துக்கு மாற்று வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே நிறுத்தியது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை இந்தியா 2019இல் தடை செய்தது. தாவரப் பொருள்கள் மீது ஆய்வாளர்களின் கண் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நல்ல முயற்சியைக் கெடுப்பவர்கள், இல்லாத வேலையை இலையின் தலையில் கட்டி விற்பவர்களே.

அடுத்த சீசனில் யாராவது ‘மூலிகைக் கோழி’ என்று சொல்லிக் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால், என்ன மூலிகை என்று கேட்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி எப்போது போட்டீர்கள், சோளத்தை எங்கே அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் கோழியை வாங்குங்கள்.